சாடைப் பேச்சை விட்ட நாள்

மனேச்சர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தார். தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கிற வெள்ளைப் பீரிஸ். அதன் நடுவில் ஒரு நீலத் துண்டு. சிறுவிரல் நகத்தில் பாதிகூட இராது. பூசைத் தட்டைக் கொண்டுவருகிறவரைப் போலக் கவனமாக வந்து என் முன்னால் நீட்டினார்.

"வசந்தியக்கா, இது என்ன எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. நண்டுச் சதை எடுக்கும்போது நாங்கள் எல்லோரும் போடுகிற கையுறையின் துண்டு. அது நீல நிறத்தில் இருப்பதே இதற்காகத்தான். தவறி விழுந்தால் வெள்ளைச் சதைக்குள் பளிச்சென்று தெரிய வேண்டும்.

"கிளவுஸ், சேர்."

"ஆற்றை?"

"தெரியேல்லை, சேர்."

அது பொய். யாருடையது என்று எனக்குத் தெரியும். ஒரு கிழமையாக, ஏழு நாளாகத் தெரியும்.

மனேச்சர் சுன்னாகத்துப் பிள்ளை. என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. கோபம் வந்தால் அவருடைய குரல் உயராது, தாழ்ந்துகொண்டே போகும். அன்றைக்கு நான் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"கொழும்பிலை இருந்து வாங்கிற ஆக்கள் வியாழக்கிழமை பாக்க வருகினம். இது அவையின்ரை கையிலை அம்பிட்டிருந்தால் அதோடை எங்களை விட்டுடுவினம். நாளைக்குக் காலமை எனக்கு ஆளின்ரை பேர் வேணும். ஆளை வேலையிலை இருந்து நிப்பாட்டத்தான் வேணும்."

அன்று செவ்வாய்க்கிழமை. பத்து மணியும் ஆகவில்லை. அவித்த நண்டின் வாசம் என் கோட்டிலும் தொப்பியிலும் ஏறியிருந்தது. பீரிஸை என் கையில் தந்துவிட்டு அவர் போய்விட்டார்.

எழும்பி நின்றவள்

தொழிற்சாலையில் நான் சேர்ந்த கதையை இந்தத் தொடரில் முன்னமே எழுதிவிட்டேன். இந்தக் கிழமைதான் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அரியாலையில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வருகிற தூரத்தில், கடற்கரையோரம் இருக்கிறது அந்த இடம். விடியற்காலையில் படகில் வருகிற நண்டை அவித்து, ஆறவைத்து, மேல் ஓடான கோதை உடைத்து, சதையை வேறாக்கி, குளிரில் அடைத்து அனுப்புவோம். இரண்டு நீட்டு மேசைகள், இருபத்திரண்டு பெண்கள். வெள்ளைக் கோட்டு, தொப்பி, வாய்மூடி, றப்பர்ச் சப்பாத்து எல்லாம் போட்டால் கண் மட்டும்தான் வெளியில் தெரியும். எனக்கு அந்த இடம் பிடித்ததே அதனால்தான். கூச்சம் உள்ளவளுக்கு முகத்தை மூடிக்கொண்டு செய்கிற வேலையைப் போல நல்ல வேலை இல்லை.

சாதாரணதரம் மட்டும் படித்தவள் நான். பள்ளிக்கூடத்தில் பின்வாங்கில் இருந்தவள். ஆறு வருசம் மேசையில் இருந்து, ஒருவரோடும் அதிகம் பேசாமல் சதை எடுத்தேன். என் தட்டில் பிழை வருவதில்லை என்று கண்டு மனேச்சர் ஒருநாள் என்னை எழுப்பி, மேற்பார்வை செய்யச் சொல்லிவிட்டார். நண்டு உடைக்கத் தெரிந்தவளுக்கு ஆட்களிடம் பிழை சொல்லவும் தெரியும் என்று அவர் எப்படி நினைத்தாரோ தெரியாது.

எழும்பி நின்ற முதல் நாள் என் கைகளை எங்கே வைப்பதென்றே எனக்குத் தெரியவில்லை.

பெருவிரல்

அந்த ஆறு வருசமும் என் வலப்பக்கத்தில் இருந்தவர் பிலோமினா அக்கா. குருநகர். வலையும் நண்டும் இறாலுமாக இருந்த வீட்டில் பிறந்தவர். ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், குழந்தைப் பிள்ளையின் கை மாதிரிச் சின்னக் கை. வாய் மட்டும் பெரிது. அவர் கதைத்தால் இரண்டு மேசையும் சிரிக்கும். அவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் அந்த ஆளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

வேகத்தில் அவரை வெல்ல அங்கே ஆள் இல்லை. அவருடைய தட்டில் கோது ஒரு துணிக்கைகூட இராது.

நீலத் துண்டு அகப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பு, மேசையைச் சுற்றிவரும்போது அவருடைய வலது பெருவிரலைக் கண்டேன். கையுறைக்கு வெளியே விரல் நுனி தெரிந்தது. தண்ணீரில் ஊறி, தோல் உரித்த வெங்காயம் போல வெளிறியிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்க, மாற்றிப் போட்ட புதுக் கையுறையின் பெருவிரல் நுனியையும் சின்னக் கத்தியால் வெட்டி, வெட்டிய துண்டை வாளிக்குள் எறிந்தார்.

அப்போதே, "அக்கா, விரலை மூடுங்கோ" என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம்.

நான் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த டிலானியிடம் போனேன். டிலானிக்கு இருபத்தொரு வயது. வேலைக்கு வந்து மூன்று மாதம். தகப்பன் கடலில் விழுந்து முதுகு அடிபட்டுப் படுக்கையில். வீட்டில் உழைக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

"பிள்ளை, கிளவுஸ் கிழிஞ்சால் உடனை மாத்த வேணும் என்ன. விரல் வெளியிலை தெரியக் கூடாது" என்றேன், கொஞ்சம் உரத்து.

டிலானி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கிழிசலும் இல்லை. வாய்மூடிக்கு மேலே கண் நிறைந்துவிட்டது.

பிலோமினா அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஓம் பிள்ளை, நல்லாச் சொல்லு. இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு வேலையிலை ஒரு கவனமும் இல்லை."

அடுத்த நாள் டிலானி ஒரு மணித்தியாலத்தில் நாலுதரம் கையுறை மாற்றினாள்.

ஆட்டுக்குச் சொன்ன புத்தி

இதற்கு எங்கள் பக்கத்தில் சாடை என்று பெயர். ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவருக்கு, உரியவரின் காதில் விழும்படி சொல்வது. நேரே சொன்னால் முகம் முறிந்துவிடும் என்று பயந்து, நாங்கள் எல்லோரும் பழகி வைத்திருக்கிற வழி.

எங்கள் அம்மா இதில் கெட்டிக்காரி. வீட்டில் லட்சுமி என்றொரு ஆடு நின்றது. ஐயா கடைக்குப் போய், சொன்ன சாமானை மறந்துவிட்டு வந்தால் அம்மா அவரிடம் ஒன்றும் கேட்கமாட்டார். ஆட்டுக்குக் குழை போட்டபடி, "நீயெண்டாலும் சொன்னதைக் கேக்கிறாய் லச்சுமி. வாயில்லாச் சீவன் உனக்கு விளங்குது" என்பார். ஐயா கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுப்பார்.

எனக்கும் அப்படித்தான். நான் தலை வாரி இழுக்காமல் பள்ளிக்கூடம் புறப்பட்டால் லட்சுமியின் உரோமத்தைப் பற்றிக் கதை வரும்.

வீட்டில் அது வேலை செய்தது. ஐயா, அம்மா, நான், தம்பி. நாலு பேருக்குள் சொல் யாருக்கென்று தேடத் தேவையில்லை. இருபத்திரண்டு பேர் இருக்கிற மேசையில் அப்படியில்லை. பயந்த ஆள் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறாள். தன் வேலையில் நம்பிக்கை உள்ள ஆள் அது மற்றவளுக்கென்று நினைத்துக்கொள்கிறாள். குற்றமில்லாதவள் அழ, சொல்லப்பட வேண்டியவர் தலையாட்டிக்கொண்டு இருக்கிறார்.

இதை இப்போது எழுதும்போது தெளிவாகத் தெரிகிறது. அப்போது எனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டை உயர்த்திக் காட்டியவர்

நேரே சொல்கிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அதுவும் என்னைப் பயப்படுத்தித்தான் வைத்திருந்தது.

ஏழாம் வகுப்பில் ஒரு ரீச்சர் என் கணக்குக் கொப்பியை விரித்து, வகுப்புக்கே உயர்த்திக் காட்டினார். "கோழி நடந்த மாதிரி இருக்கு" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதை ஒருவருக்கும் காட்டாமல் கையால் மறைத்துக்கொண்டேன். எழுத்துத் திருந்தவில்லை. மறைக்கிற பழக்கம்தான் திருத்தமாக வந்தது.

எனக்கு முன்பு தொழிற்சாலையில் மேற்பார்வைக்கு இருந்த பெண்ணும் அப்படித்தான். சதைக்குள் கோது அகப்பட்டால் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மேசையையும் சுற்றி வருவார். "பாருங்கோ, இதுவும் ஒரு பொம்பிளை செய்த வேலை" என்பார். கொஞ்ச நாளில் பெண்கள் கோதுத் துணிக்கையைக் கண்டால் சட்டென்று கோட்டுப் பைக்குள் போடப் பழகிவிட்டார்கள். பை நிறையக் கோதோடு வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். எப்படி எடுத்தால் கோது வராது என்று மட்டும் ஒருவருக்கும் அவர் காட்டவில்லை.

அவரைப் போல ஆகிவிடக் கூடாதென்றுதான் நான் சாடைக்குள் ஒளிந்தேன்.

எல்லாக் கண்ணும் ஒரு பக்கம்

செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன்.

பீரிஸும் கையுமாக மேசைக்குப் போனேன். இப்போதாவது நேரே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சுவரில் மாட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஆரோ ஒராளின்ரை கிளவுஸ் சதைக்கை வந்திருக்கு. அந்த ஆளுக்குத் தெரியும். இனி அப்பிடி நடக்கக் கூடாது."

வேலை நின்றது. இருபத்தொரு சோடிக் கண்களும் டிலானியைப் பார்த்தன.

"போன கிழமையே வசந்தி இவளுக்குச் சொன்னவள்" என்றார் பிலோமினா அக்கா. "எனக்குப் பக்கத்திலை வைச்சுத்தான் சொன்னவள். கேட்டால்தானே."

"நான் இல்லை அக்கா" என்றாள் டிலானி. 

"அப்ப என்னையோ சொன்னது?"

சிலர் சிரித்தார்கள்.   டிலானி இல்லை என்று சொல்லாமல் நான் நின்ற இடத்தில் நின்றேன் என்பதை இத்தனை காலத்துக்குப் பிறகும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மதியத்துக்குள் கதை மனேச்சரின் அறைக்குப் போய்விட்டது. வேலை முடிகிற நேரம் அவர் என்னைக் கண்டு, "டிலானி எண்டு கதைக்கினம். நாளைக்குக் காலமை நீங்களும் ஓமெண்டு சொன்னால் முடிச்சிடுவம்" என்றார்.

ஆட்கள் போன பிறகு நான் குப்பை வாளியைக் கிளறினேன். அன்றைக்குக் கழற்றிப் போட்ட கையுறைகளில் நுனி வெட்டிய பெருவிரலோடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெட்டிய ஓரம் ஊறி, நார் நாராகக் கிழிந்து, ஒரு இடத்தில் துண்டு போயிருந்தது. பீரிஸில் இருந்ததை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. கையுறையைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பூனையும் கோப்பையும்

வீட்டுக்கு வந்தபோது பின்னேரம் ஐந்து மணி. மகள் துளசி பதினோராம் வகுப்பு. பால்தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவாமல் மேசையில் வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். வாசலில் எங்கள் பூனை படுத்திருந்தது.

"பார் குட்டி, இந்த வீட்டிலை எல்லா வேலைக்கும் ஒராள்தான். மற்றவைக்குக் கை இல்லை" என்று பூனைக்குச் சொன்னேன்.

துளசி புத்தகத்தை மூடினாள்.

"அம்மா, எனக்குச் சொல்லுறதெண்டால் என்னைப் பாத்துச் சொல்லுங்கோ. பூனைக்குக் கோப்பை கழுவத் தெரியாது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. அவளைப் பார்த்தேன்.

"கோப்பையைக் கழுவி வை, துளசி."

"சரி."

எழும்பினாள், கழுவினாள், கவிழ்த்து வைத்தாள், திரும்ப வந்து படிக்க உட்கார்ந்தாள். அவ்வளவுதான். முகம் முறியவில்லை. சண்டை வரவில்லை. இவ்வளவு சின்ன வேலைக்கா இத்தனை வருசம் பயந்தேன் என்று குசினி வாசலில் நின்று யோசித்தேன்.

பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று, "அக்கா, அது உங்கடை கிளவுஸ்" என்று சொல்லிப் பார்த்தேன். நாலைந்து தரம். துளசி எட்டிப் பார்த்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

ஐஸ் அறைக்குப் பின்னால்

பிலோமினா அக்கா தேவாலயத்தில் காலைப் பூசை கண்டுவிட்டு நேரே வேலைக்கு வருகிறவர். புதன்கிழமை மற்றவர்களுக்கு முன்னமே போய் வாசல் கேற்றடியில் நின்றேன். அவர் வந்தவுடன், "அக்கா, ஒரு விசயம் கதைக்க வேணும். உங்களோடை மட்டும்" என்றேன்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு. புருசனோடை கொளுவலே?"

"இல்லை. வாங்கோ."

ஐஸ் அறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒருவரும் வருவதில்லை. இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கடல் காற்று குளிராக வந்தது. 

கடதாசியைப் பிரித்துக் கையுறையைக் காட்டினேன்.

"அக்கா, அந்த நீலத் துண்டு இதிலை இருந்து வந்தது. இது நேற்று நீங்கள் போட்டது. பெருவிரலை நீங்கள் வெட்டுறதை நான் போன கிழமையே கண்டனான்."

சொல்லி முடித்தேன். இனி வருவது வரட்டும் என்று நின்றேன்.

அவர் கையுறையை வாங்கிப் பார்த்தார். மூக்கு விடைத்தது.

"நான் நண்டு உடைக்கத் தொடங்கேக்கை உனக்கு மூக்குச் சிந்தத் தெரியாது. நீ எனக்குச் சொல்ல வந்திட்டியோ?"

"ஓம் அக்கா. உங்கடை கை வேகத்துக்கு இஞ்சை ஆள் இல்லை. உங்கடை தட்டிலை கோதும் இல்லை. நான் சொல்லுறது இந்தப் பெருவிரல் ஒண்டைத்தான்."

"வெட்டின துண்டை நான் வாளிக்கைதானே போடுறனான்."

"வெட்டின துண்டில்லை. மிச்சம் இருக்கிற ஓரம். தண்ணியிலை ஊறிக் கிழியுது. பாருங்கோ."

பார்த்தார். விரலால் அந்த நாரைத் தடவினார். நுனியில் இருந்த சின்ன இழை ஒன்று அவருடைய விரலோடு வந்துவிட்டது. அதை நெடுநேரம் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்த இழையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது எனக்கும் அவருக்கும் பெரிய உதவியாக இருந்தது.

"போன கிழமையே கண்டனீயோ?" என்றார் மெதுவாக.

"ஓம்."

"பிறகேன் அந்தப் பிள்ளைக்குச் சொன்னனீ?"

"உங்களுக்குச் சொல்லப் பயம்."

"எனக்கோ? நான் என்ன கடிக்கிறனானே?"

"கொஞ்சம் கடிப்பியள்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "பாவம் அந்தப் பிள்ளை. நானும் சேந்தெல்லோ அவளை வைச்சுத் தாளிச்சனான்."

பிறகுதான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஏன் அக்கா வெட்டுறியள்?"

தன் கையை விரித்துக் காட்டினார். "உந்தக் கிளவுஸ் எனக்குத் தொளதொள எண்டு கிடக்கு. நுனியிலை ஒரு முழம் மிச்சம். நண்டைக் கண்ணாலை உடைக்கிறேல்லை பிள்ளை, பெருவிரலாலைதான் உடைக்கிறது. சதைக்கை கோது கிடக்கோ எண்டு விரல்தான் சொல்லும். விரலை மூடினால் நான் குருடி. கோது வராமல் இருக்கத்தான் வெட்டினனான்."

நன்றாகச் செய்ய வேண்டும் என்றுதான் அந்தப் பிழையைச் செய்திருக்கிறார். ஒரு கிழமை சாடை பேசியதில் எனக்குத் தெரியவராத இது, நேரே கேட்ட ஒரு கேள்வியில் வந்துவிட்டது.

திறக்காத பெட்டிகள்

சாமான் அறையைத் திறக்கிற திறப்பு என்னிடம்தான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். கையுறைப் பெட்டிகள் சுவரோடு அடுக்கியிருந்தன. முன்வரிசை முழுக்கப் பெரிய அளவு. அதை இழுத்து வைத்தால் பின்னால் சின்ன அளவுப் பெட்டிகள் ஒட்டுப் பிரிக்காமல் தூசி பிடித்துக் கிடந்தன. கைக்கு எட்டினதை எடுத்துக் கொடுத்தே பழகிவிட்டோம். நானும்தான்.

ஒரு சோடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பிலோமினா அக்கா போட்டுப் பார்த்தார். தோல் மாதிரி ஒட்டியது. ஒரு நண்டுக் காலை உடைத்து, பெருவிரலால் சதையைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியுது" என்றார். "தெரியுதடி."

எட்டு மணிக்கு மனேச்சர் அறையில் நின்றேன்.

"டிலானிதானே?" என்றார்.

"இல்லை, சேர். நான் பிழையான ஆளுக்குச் சொன்னதாலை வந்த கதை அது. டிலானியிலை ஒரு பிழையும் இல்லை."

"அப்ப ஆர்?"

எனக்குப் பின்னால் கதவு திறந்தது. பிலோமினா அக்கா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "என்ரை கிளவுஸ்தான் தம்பி" என்றார். வேலையிடத்தில் எல்லோரும் சேர் என்று கூப்பிடுகிறவரை அவர் மட்டும்தான் தம்பி என்பார்.

மனேச்சரின் குரல் தாழ்ந்தது. "அக்கா, ஆராயிருந்தாலும் நிப்பாட்டுறது எண்டு நான் சொல்லியிட்டன்."

"சேர், உங்களுக்கும் ஒண்டு சொல்ல வேணும்" என்றேன் நான். அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"எனக்கோ?"

"ஓம். நாங்கள் எல்லாருக்கும் பெரிய கிளவுஸ்தான் குடுக்கிறம். பாதிப் பேருக்கு அது அளவில்லை. சின்னப் பெட்டி உள்ளுக்குக் கிடக்கு, ஒருத்தரும் திறக்கேல்லை. அளவைக் கேட்டுக் குடுங்கோ எண்டு நீங்களும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. அக்காவை நிப்பாட்டினால் இந்தப் பிழை வேறை ஆளின்ரை கையிலை வரும்."

அவர் என்னைப் பார்த்தார். பிலோமினா அக்காவின் கையைப் பார்த்தார். பேனையை மேசையில் இரண்டுதரம் தட்டினார்.

"நாளைக்கு அவை வந்து பாக்கேக்கை ஒரு துண்டு அம்பிட்டால்?"

"என்னை நிப்பாட்டுங்கோ, சேர்."

"சரி, நாளைக்குப் பாப்பம்" என்று அவர் பேனையை வைத்தார்.

வெளியில் வந்ததும் பிலோமினா அக்கா, "விசரி, உதையேன் சொன்னனீ?" என்றார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். 

மேசைக்குப் போனதும் அவர் தன் இடத்தில் உட்காரவில்லை. நின்றபடியே, இரண்டு மேசைக்கும் கேட்கச் சொன்னார்: "டிலானி, நேற்று நான் உன்னைச் சொன்னது பிழை. அது என்ரை கிளவுஸ். குறை நினையாதை."

"நானும் உம்மைத்தான் பிழையாச் சொன்னனான், டிலானி" என்றேன். "போன கிழமை உம்மடை கையிலை ஒண்டும் இருக்கேல்லை. அக்காவுக்குச் சொல்ல வேண்டியதை உமக்குச் சொல்லிப்போட்டன்."

டிலானி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நான் இனி மணித்தியாலத்துக்கு நாலு கிளவுஸ் மாத்தத் தேவையில்லையோ அக்கா?"

மேசை முழுக்கச் சிரித்தது. அன்று காலை இருபத்திரண்டு பேரின் கையையும் அளந்து கையுறை கொடுத்தேன். பன்னிரண்டு பேருக்குச் சின்ன அளவு.

வியாழக்கிழமை

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்த அம்மா சிங்களத்தில் கேட்க, மனேச்சர் பதில் சொல்லிக்கொண்டு பின்னால் போனார். இருட்டுப் பெட்டிக்குள் ஊதா விளக்கு ஒன்று இருக்கிறது. அதன் கீழே சதையைப் பரப்பினால் கோதுத் துணிக்கை மின்னும். அந்த அம்மா தானே தட்டுகளைத் தெரிந்தெடுத்தார். முதலாவது பிலோமினா அக்காவினுடையது. இரண்டாவது டிலானியுடையது. பிறகு இன்னும் ஆறு.

சின்ன இடுக்கியால் சதையை இழை இழையாகப் பிரித்தார். நான் சுவரோடு நின்றேன். ஐஸ் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. மேசையில் ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை. ஆனால் ஒருவரும் நண்டு உடைக்கவும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

எட்டுத் தட்டும் முடிந்தது. அந்த அம்மா இடுக்கியை வைத்துவிட்டு மனேச்சரிடம் ஏதோ சொன்னார். மனேச்சர் என் பக்கம் திரும்பினார்.

"ஒண்டுமில்லையாம். எட்டிலையும் ஒண்டுமில்லை. இப்பிடிச் சுத்தமான சதை தான் கண்டது குறைவெண்டு சொல்லுறா. இனி எங்களிட்டைக் கூட எடுப்பினமாம்." அவருடைய குரல் முதல்தடவையாக உயர்ந்திருந்தது. "அக்கா, மேசைக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

எங்கள் பக்கத்தில் பாராட்டையும் நேரே சொல்கிற வழக்கம் இல்லை. நல்லாயிருந்தால் "பரவாயில்லை" என்போம். பெற்ற பிள்ளைக்கும் அவ்வளவுதான். பிழையைச் சொல்லத் தெரியாத எனக்கு நல்லதையும் சொல்லத் தெரியாமல்தான் இருந்தது. வழக்கம்போல "எல்லாம் சரியாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பேன். அன்று அப்படி வரவில்லை. மேசையின் ஒரு தலைப்பிலிருந்து தொடங்கினேன்.

"டிலானி, உம்மடை தட்டை விளக்குக்குக் கீழை வைச்சுப் பாத்தவை. ஒரு துணிக்கை இல்லை. மூண்டு மாசத்திலை இப்பிடி எடுக்க நான் பழகேல்லை. நல்ல வேலை."

வாய்மூடிக்கு மேலே அவளுடைய கண் சுருங்கி, ஒரு கோடாகிப் போனது.

அடுத்தது பிலோமினா அக்கா. புதுக் கையுறைக்குள் ஐந்து விரலும் அடங்கியிருந்தன. அவருக்குக் கிட்டக் குனிந்து, "அக்கா, உங்கடை தட்டைத்தான் முதல் பாத்தவை. அதைப் போலத் தட்டு அங்கை இல்லை" என்றேன்.

அவர் நண்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிழையைத்தான் ஐஸ் அறைக்குப் பின்னாலை கொண்டுபோய்ச் சொன்னனீ. இதையுமேன் காதுக்கை சொல்லுறாய்? எழும்பி நிண்டு சொல்லு. மற்ற மேசைக்கும் கேக்கட்டும்."

நான் நிமிர்ந்து, வாய்மூடியைக் கீழே இறக்கினேன். இரண்டு மேசையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய பெயரில் தொடங்கி, ஒவ்வொருவரின் பெயராக, இருபத்திரண்டு பேருக்கும், அவரவர் கண்ணைப் பார்த்து, மற்ற மேசைக்கும் கேட்க, "நல்ல வேலை" என்று சொன்னேன்.